தண்ணீர் பார்க்காத கல்

பாவாயி வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு நிலாவிலிருந்து கறுப்புக் கல் வந்து சேர்ந்த காலையில், அவளுக்கு முதலில் தெரிந்தது கல் அல்ல, சாணிக்கூடையின் கனம். முருகா என்று சொல்லி, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, எப்போதும் போடுகிற தெம்பைப் போட்டுத் தூக்கியதில் கூடை அவள் தலைக்கு மேலே போய், கூரைக் கீற்றில் முட்டி, இலவம்பஞ்சு மாதிரி ஆடி ஆடி இறங்கி வந்தது. அதற்கப்புறம்தான் மூலையில், படுத்த கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கறுப்புக் கல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கூரையில் ஓட்டை இல்லை, தரையில் பள்ளம் இல்லை, மாடு மிரளவும் இல்லை. அது எழுந்துபோய்க் கல்லை ஒருதரம் நக்கிப் பார்த்தது, உப்பு இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைக்கோலுக்கு வந்துவிட்டது.

நின்று யோசிக்கப் பாவாயிக்கு நேரமில்லை. வீட்டுக்குள் அவள் புருசன் அர்த்தநாரி நனைந்த படுக்கையில் கிடந்தார். ஒரு காலத்தில் வெள்ளைக்கரட்டுப்புதூர்க் கரும்பாலையில் கொப்பரை முன்னால் நின்று, பாகு நூல் இழுக்கிற பதத்தைக் கண்ணாலேயே சொன்ன மனுசன், நல்ல ஆகிருதி. வலப்பக்கம் வாதம் அடித்து விழுந்த நாளிலிருந்து அந்த ஆகிருதி முழுவதும் பாவாயியின் முதுகுக்கு வந்து சேர்ந்தது. புரட்ட வேண்டும், தூக்க வேண்டும், துடைக்க வேண்டும், மறுபடியும் புரட்ட வேண்டும். மகன் பெங்களூரில், மகள் சுமதி பெருந்துறையில், இரண்டு பேருக்கும் அவரவர் பிழைப்பு. அவள் குறை சொன்னதில்லை. விளக்கு வைக்கும்போது, "முருகா, எனக்குக் கொஞ்சம் தெம்பு குடு" என்பாள், அவ்வளவுதான். தெம்பு வந்தபாடில்லை. வேண்டுவதையும் அவள் விட்டபாடில்லை.

சாணிக்கூடையைக் கீழே வைத்தவள் நேரே வீட்டுக்குள் போனாள், கயிற்றுக்கட்டிலோடு அவரை இழுத்தாள், வாசல் தாண்டி, களம் தாண்டி, மூச்சு வாங்க வாங்கக் கொட்டகை வரைக்கும் இழுத்து வந்தாள். கட்டிலின் முன்கால் இரண்டும் கொட்டகைக்குள் நுழைந்ததும் பாதிக் கட்டில் கையைவிட்டு எழும்பப் பார்த்தது. உள்ளே வந்ததும் அவர் அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். வந்துவிட்டார். ஒரு வயதுக் குழந்தையின் கனம், அதற்கு மேல் இல்லை. இடுப்பில் வைத்துக்கொண்டாள். கட்டிய நாளிலிருந்து அவர் முகத்தை இத்தனை கிட்டத்தில், பகல் வெளிச்சத்தில் அவள் பார்த்ததில்லை. அவர் பாதி வாயால் சிரித்தார், பாதி வாய் சும்மா இருந்தது.

மோருக்கு வந்த பக்கத்து வீட்டு மயிலாத்தா கொட்டகை வாசலில் நின்றாள்.

"ஏனக்கா, அண்ணனை இடுப்புல வெச்சுட்டு நிக்கற?"

"கனமே இல்ல மயிலாத்தா. நீயும் வேணா ஒருக்கா தூக்கிப் பாரு."

"வேண்டாஞ்சாமி. என்ற வீட்டுக்காரன் பாத்தான்னா அவனையும் தூக்கச் சொல்லுவான். அதுக்கு வாதம் வேற வேணுமா, சோம்பேறித்தனமே போதும்."

ஊர் அப்படித்தான் வந்தது, ஒவ்வொருவராக, ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டு. யாரும் முதலில் கும்பிடவில்லை, உட்கார்ந்தார்கள். கோழிப்பண்ணையில் முட்டை அட்டை சுமக்கிற பெண்கள் வேலை முடிந்து வந்து கல்லுக்குப் பக்கத்தில் காலை நீட்டினார்கள். லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்கள் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு கல்லில் முதுகைச் சாய்த்தார்கள். மாசமாக இருந்த பெண்கள் வயிற்றில் இருந்து கையை எடுத்தார்கள். மூட்டுவலிக்காரர்கள் எழுந்து நின்று, உட்கார்ந்து, திரும்பவும் எழுந்து நின்று பார்த்தார்கள். உடம்பு என்று ஒன்று இருப்பதையே சற்று நேரம் மறந்துவிட்டு, வீட்டில் உலை வைக்க வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் வெளியே போனார்கள், வாசல் தாண்டியதும் தோள் இறங்கியது, மறுநாள் வந்தார்கள். வெல்ல வியாபாரி ஒருவர் மின்தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, ஊராரிடம் வாங்குகிற வெல்லத்தைக் கொட்டகைக்குள்ளேயே வைத்து எடை போடலாமே என்று பார்த்தார். மயிலாத்தா விளக்குமாற்றை எடுத்ததும் தராசோடு போய்விட்டார். மற்றபடி சண்டை இல்லை. காலையில் பாவாயி புருசனைக் குளிப்பாட்டி முடிக்கிற வரைக்கும் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது மட்டும் யாரும் சொல்லாமலே சட்டமாயிற்று.

அர்த்தநாரி நின்றார். முழு உடம்பைத் தாங்காத கால் ஆறில் ஒரு பங்கு உடம்பைத் தாங்கியது. மாடு கட்டுகிற கம்பத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டு நின்று, மாட்டைப் பார்த்தார், மாடு அவரைப் பார்த்தது. படுத்தே கிடந்ததில் அவர் பார்த்ததெல்லாம் விட்டமும் பல்லியும்தான். நின்ற இடத்திலிருந்து களத்து வேம்பு தெரிந்தது. பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய் வறட்டி தட்டினாள்.

ஊருக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைக்கரடு என்கிற வெள்ளைப் பாறைக்குன்றைப் பார்க்கச் சேலத்துக் கல்லூரியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு டீச்சர் வருசா வருசம் வருவார், பெயர் ஜெயசீலி, கல்லைப் பற்றிப் படித்தவர். இந்தத் தரம் கரட்டுக்குப் போகாமல் கொட்டகைக்கு வந்தார். கண்ணில் சின்னக் கண்ணாடியை வைத்துக் கல்லோடு கல்லாகக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தோள்பையைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இது நிலாவுல நமக்குக் கறுப்பா, முயல் மாதிரித் தெரியுதே, அந்த இடத்துக் கல்லுங்கம்மா. அங்க எல்லாத்துக்கும் ஆறுல ஒரு பங்கு கனந்தான்" என்றார்.

பாவாயி, "அப்படிங்களா" என்றாள். முயல் என்பதால் அவளுக்கு ஆச்சரியமில்லை. அங்கேயிருந்து இங்கே எதற்காக வரவேண்டும் என்பதும் அவள் கேட்கவில்லை. அது முருகனிடம் கேட்க வேண்டியது.

ஊர்ப் பெரியதனம் பார்க்கிற நாச்சிமுத்து கேட்டார். "அங்க எப்படீங்க கல்லு உண்டாகும்?"

"நிலா பிறந்த புதுசுல முழுசும் நெருப்புக் குழம்புங்கய்யா. உங்க ஊரு ஆலைக் கொப்பரை மாதிரின்னு வெச்சுக்கங்க. கொதிச்சு ஆறும்போது லேசானது மேல மிதந்து ஆடை கட்டும், கனமானது அடியில தங்கும். மேல மிதந்து உறைஞ்சதுதான் நிலாவோட வெள்ளை. ரொம்பக் காலம் கழிச்சு அடியில தங்குன கனத்த சரக்கு திரும்ப உருகி, வெடிப்பு வழியா மேல வந்து, பள்ளம் பள்ளமாப் பாஞ்சு உறைஞ்சுது. அதுதான் கறுப்பு. பாருங்க, கொதிச்ச குமிழி அப்படியே ஓட்டையா நிக்குது."

கட்டிலில் இருந்த அர்த்தநாரி தலையை ஆட்டினார். கொதிக்கிற குழம்பின் கதை அவருக்குப் புரிகிற கதை.

கல்லுக்குள் மண்ணில் காணாத அளவுக்கு டைட்டானியம் இருக்கிறது, நெருப்பு ஊற்றுப் பீச்சி அடித்தபோது துளித்துளியாய் உறைந்த பச்சைக் கண்ணாடி மணி கடுகிலும் சிறிசாக ஒட்டியிருக்கிறது, அந்தச் சூட்டில் உப்புச்சத்தெல்லாம் முக்காலும் பறந்து போய்விட்டது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொட்டுத் தண்ணீர்கூட இதன் பிறப்பில் இல்லை என்று டீச்சர் சொல்லிக்கொண்டே போனார். முந்நூறு கோடி வருசத்துக்கும் மூத்த கல் என்றார்.

"அப்ப நம்ம நாச்சிமுத்து மாமனைவிட ஒரு ரெண்டு வயசு மூத்தது" என்றாள் மயிலாத்தா.

"உங்க கரடு இருக்குதே, அந்த வெள்ளைக்கல்லும் நிலாவோட வெள்ளையும் கிட்டத்தட்ட ஒரே சாதிக் கல்லுங்க" என்று டீச்சர் சொன்னதும்தான் ஊருக்கு விசயம் பிடிபட்டது. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறது, அதனால்தான் இத்தனை ஊர் இருக்க இங்கே வந்திருக்கிறது. என்ன முறை என்பதில் மட்டும் அன்று சாயங்காலம் வரைக்கும் வழக்கு ஓடியது. கறுப்பும் வெள்ளையும் ஒரே கொப்பரையில் பிறந்தது என்றால் பங்காளிதான், மாமன் மச்சான் ஆகாது, பெண் எடுக்க முடியாது என்று நாச்சிமுத்து தீர்ப்புச் சொன்னார். கல்லுக்கு யாரும் பெண் கேட்கவில்லை என்றாலும் முறை தெரிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி.

டீச்சர் பேசிக்கொண்டே இருந்தவர் கல்லில் சாய்ந்து தூங்கிவிட்டார். யாருக்கோ ஆக்கிப் போட்டுவிட்டு வந்து, யாருக்கோ பதில் சொல்லப் போகிற ஒரு பெண்ணின் தூக்கம் அது, பாவாயிக்குத் தெரியும். ஈ ஓட்டிவிட்டாள். எழுந்ததும் டீச்சர் தணிந்த குரலில் சொன்னார். "நான் மேல எழுதிப் போட்டா வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க. எழுதலைங்கம்மா. ஆனா ஒண்ணு. இந்தக் கல்லுல இரும்பு வெறும் இரும்பாவே இருக்குது, தண்ணி பாக்காததால துருன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. தண்ணி பட்டா துருப்பிடிக்கும். துருப்பிடிச்சா கல்லு மாறிரும், அது குடுக்கிற லேசும் போயிரும்னு நெனைக்கிறேன். இந்தப் பக்கம் பாருங்க."

குளிப்பாட்டுகிற தண்ணீர் ஓடிப்போய்த் தொட்ட பக்கம், கல்லின் அடியில், மருதாணி வைத்த மாதிரி ஒரு சிவப்பு. பாவாயி அன்றிலிருந்து அவரை வெளியே குளிப்பாட்டினாள். அங்கே முழுக் கனம், முழு வலி. குளிப்பாட்டி, ஈரம் துவட்டி, உள்ளே கொண்டுவந்து ஆற வைத்தாள். மற்ற வேலைக்கெல்லாம் கொட்டகை இருக்கிறதே என்று பொறுத்துக்கொண்டாள்.

ஆனால் ஊருக்குப் பொறுக்கவில்லை. தேடி வந்த ஒன்றைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, அதன்மேல் சாய்ந்துகொண்டு, அதற்கென்று ஒன்றும் செய்யாமல் இருப்பது கொஞ்ச நாளில் எல்லோருக்கும் மனக்கஷ்டமாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பூசாரி பழனியாண்டி, பாவாயி கரட்டுக்கு மாடு ஓட்டிப் போயிருந்த நேரத்தில், மூன்று குடம் தண்ணீரும் ஒரு சொம்புப் பாலும் ஊற்றி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை பாவாயி புருசனைத் தூக்கினாள். ஒரு வயதுக் குழந்தை இல்லை. நடை பழகிய குழந்தை. வேறு யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, கொட்டகைக்குள் அவர்கள் உடம்பு முன்போல லேசாகவேதான் இருந்தது. தினமும் ஒரே கனத்தைத் தூக்குகிறவள் அவள் ஒருத்திதானே.

"பூசாரி, இனிமேல் ஊத்தாதீங்க. டீச்சர் சொல்லீட்டுப் போயிருக்குது. தண்ணி ஆவாதாம்."

"சாமிக்குத் தண்ணி ஆவாதுன்னா பின்ன என்ன பாவாயி ஆவும்? குளிக்காத சாமி எந்த ஊர்ல இருக்குது?"

நாச்சிமுத்து குறுக்கே வந்தார். அவர் பேச்சில் அதட்டல் இல்லை, அதுதான் அவளுக்குச் சங்கடம். "நல்லா யோசிச்சுப் பாரு. பொறந்ததுல இருந்து தண்ணியே பாக்கல. டீச்சரே சொல்லிச்சு. அத்தன கோடி வருசம் தாகத்தோட கெடந்துட்டு, நம்மளைத் தேடி வந்திருக்குது. வீட்டுக்கு வந்தவங்களுக்கு மொதல்ல என்ன குடுக்கறோம்? வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு சொம்புத் தண்ணி. எதிரி வந்தாலும் குடுக்கறோம். பங்காளிக்கு இல்லைன்னு சொன்னா நம்ம ஊரு என்ன ஊரு?"

பாவாயி வீட்டுப் படியேறிய யாரும் தண்ணீர் குடிக்காமல் இறங்கியதில்லை. அன்று விளக்கு வைக்கும்போது, முருகா, தாகத்தோடு வந்ததா, என் தாகத்துக்கு வந்ததா, எதுவென்று எனக்கு விளங்கும்படி சொல் என்று கேட்டாள். திரி கொஞ்சம் கருகியது, தூண்டிவிட்டாள், அவ்வளவுதான்.

பங்குனியில் நாள் குறித்தார்கள். காவிரியிலிருந்து ஊர் முழுக்கத் தீர்த்தக்குடம் எடுத்து வந்து ஊற்றுவது என்றும், கல் வந்து இறங்கிய வீடு என்பதால் முதல் குடம் பாவாயிக்கு என்றும் பேச்சாயிற்று. அது பெரிய மரியாதை. அவள் மாமியாருக்கும் கிடைக்கவில்லை, மாமியாரின் மாமியாருக்கும் கிடைக்கவில்லை. சுமதிகூடப் போனில், "முதல் குடமாம்மா நமக்கு?" என்று சந்தோசப்பட்டாள். அவள் ஊற்றாவிட்டால் அடுத்தவர் ஊற்ற முடியாது, ஆற்றிலிருந்து நடந்து வந்த அத்தனை குடமும் நிற்கும். ஊற்றினால் ஊரே ஊற்றும்.

வெயில் ஏறுவதற்குள் தாரை தப்பட்டையோடு வந்து சேர்ந்தார்கள். மஞ்சள் சீலை நனைந்து உடம்போடு ஒட்ட, வேப்பிலை சொருகிய குடங்களோடு பெண்கள் களத்தில் வரிசையாக நின்றார்கள். பழனியாண்டி மந்திரம் சொல்லி முடித்தார். நாச்சிமுத்து முதல் குடத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

பாவாயி வாங்கினாள். வாசலில் அது குடத்தின் கனமாக இருந்தது, கொட்டகைக்குள் கால் வைத்ததும் பூவாகிவிட்டது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அர்த்தநாரி நின்றிருந்தார், முன்னைவிடக் கொஞ்சம் தள்ளாட்டத்தோடு. குடத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். ரொம்ப நாளாக அவர் வாயிலிருந்து முழு வார்த்தை வந்ததில்லை. இழுத்து, கோணி, சேர்த்துச் சொன்னார்.

"ஊத்து. பாவம்."

வெளியே கேட்டவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவாயி குடத்தோடு நின்றாள். கல்லுக்காக இரக்கப்பட அவரால் முடிந்தது, ஊரால் முடிந்தது, அவளால் மட்டும் அந்த நேரத்தில் முடியவில்லை. இத்தனை வருசமும் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று, முருகனிடமும் இந்த வார்த்தையில் சொல்லாதது, வாய்க்கு வந்துவிட்டது.

"எனக்கு முடியலீங்க" என்றாள். அழவில்லை, குரல் ஏறவில்லை. "சாமிக்குத் தாகம்னு சொல்றீங்க. இருக்கட்டும். நீங்க ஊத்தீட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவீங்க. நாளைக்குக் காத்தால இவரை நாந்தான் தூக்கோணும். எனக்கு முடியலீங்க."

தாரைக்காரர் தாரையைக் கீழே இறக்கினார்.

அவள் குடத்தை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் புருசனைத் தூக்கி இடுப்பில் வைத்து, வாசலுக்கு நடந்தாள். வாசப்படியில் பத்து வயதுப் பையனின் கனம் வந்தது, அடுத்த அடியில் வாலிபனின் கனம், களத்து வெயிலுக்கு வந்தபோது மனுசன் முழுசாகத் திரும்பி வந்துவிட்டார், முதுகில் நரம்பு ஒன்று சுண்டியது, முழங்கால் மடங்கியது. யாரோ ஓடிவந்து குடத்தைப் பிடித்தார்கள், மயிலாத்தா அவரை மறுபக்கம் தாங்கினாள். துணி துவைக்கப் போட்டிருந்த வெள்ளைக்கல்லில், கரட்டிலிருந்து எந்தக் காலத்திலோ உருட்டிக் கொண்டுவந்த பலகைக்கல்லில், அவரை உட்கார வைத்தார்கள். பாவாயி குடத்தை வாங்கி, முருகா என்று சொல்லி, காவிரித் தண்ணீர் முழுவதையும் அவர் தலையில் ஊற்றினாள்.

அவர் சிலிர்த்துக்கொண்டார், மூக்கில் ஏறிய தண்ணீரைத் தும்மினார், பாதி வாயால் சிரித்தார். தண்ணீர் வெள்ளைக்கல்லில் வழிந்து களத்து மண்ணில் இறங்கியது.

பூசாரி என்ன செய்வதென்று நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து வெகுநேரம் தாடையைத் தடவினார். ஆற்றிலிருந்து நடந்து வந்த பெண்களுக்குக் கால் சுட்டது, குடம் கனத்தது. ஒரு ஊர் தன் தவறை ஒத்துக்கொள்ளாது, ஆனால் இறக்கி வைக்க ஒரு இடம் கொடுத்தால் இறக்கி வைத்துவிடும்.

"வெள்ளைக்கல்லும் பங்காளிதான்" என்றார் கடைசியில். "பங்காளி வூட்ல எறக்குன சீரு எங்க எறக்குனாலும் ஒண்ணுதான். மொதல் குடம் விழுந்த எடத்துலயே ஊத்துங்க."

மயிலாத்தாதான் அடுத்து வந்தாள். குடத்தைப் பாவாயியிடம் நீட்டிவிட்டு, அர்த்தநாரிக்குப் பக்கத்தில் அதே கல்லில் உட்கார்ந்துகொண்டாள். "என்ற தலையிலயும் ஊத்தக்கா. முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. அண்ணா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க." அதற்கப்புறம் முட்டைப்பண்ணைப் பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், மாசமானவர்கள் எல்லோரும் வந்தார்கள். சாமிக்கு என்று கொண்டுவந்த தண்ணீர் முழுவதும் அலுத்துப்போன தலைகளில் விழுந்தது. பாவாயியின் தலையில் யாரும் ஊற்றவில்லை. அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த ஊரில் அதுவே வழக்கம். கறுப்புக் கல்லுக்கு விபூதியும் காய்ந்த பூவும்தான், தண்ணீர் கிடையாது. பங்குனித் தீர்த்தம் வெள்ளைக்கல்லில் உட்கார்ந்தவர்களுக்கு. ஏன் அப்படி என்று வெளியூர்க்காரர் கேட்டால், எங்க சாமி அப்படித்தான் என்பார்கள்.

ஆனாலும் காற்றில் ஈரம் இருக்கிறது, அதை எந்தக் கதவு போட்டும் அடைக்க முடியாது என்று டீச்சர் மறுவருசம் வந்தபோது பாவாயியிடம் மட்டும் சொன்னார். பாவாயிக்கு அது முன்பே தெரியும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கல்லில் சிவப்பு ஒரு விரல்கடை ஏறியது, அவர் கனம் ஒரு பிடி ஏறியது. அவர் எழுந்து நிற்பது போன மழையோடு நின்றுவிட்டது. கல்லில் சாய்ந்து உட்கார்வது இருக்கிறது, அங்கிருந்தும் வேம்பு தெரியும். அவள் இப்போதெல்லாம் தெம்பு கேட்பதில்லை. முருகா, மெதுவாகப் போகட்டும் என்கிறாள்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் சாயங்காலம் சுமதி போன் பண்ணினாள்.

"அப்பா எப்படிம்மா இருக்காங்க?"

கொட்டகையில் இருந்த பாவாயி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவருடைய அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி, இடுப்பில் வைத்து, கைக்குச் சரிப்பட வருகிறாரா என்று ஒருதரம் ஏந்திப் பார்த்தாள்.

"வளந்துட்டு இருக்காரு கண்ணு" என்றாள். "இப்ப ஒண்ணாங்கிளாசு போற பையன் கனம்."